எடுத்த நேரம், அளந்த நேரம்

நம் திருப்பதி லேபில் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை நீங்கள் மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டேதான் நிரப்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது உங்களில் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஊறப்போட்ட நேரம் எழுதறோம், எடுத்த நேரம் எழுதறோம். அது போதாதா மேடம்? அளந்த நேரம்னு தனியா ஒண்ணு எதுக்கு? எந்த மகானுபாவர் இதைப் போட்டாரு?" அந்த மகானுபாவர் நான்தான். ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் நானே போட்ட கோடு அது. அன்றைக்கு டீ வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். இப்போது ஓய்வு பெற்றுப் புத்தூரில் வீட்டோடு இருக்கிறேன். சாக்குச் சொல்ல வழியில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சோதனையே எனக்குப் பிடிபடவில்லை. பல் ஓட்டையை அடைக்கிற பசையை நீல லைட் காட்டிக் கல்லாக இறுக வைக்கிறோம். வைர ஊசியால் அழுத்தி எவ்வளவு கெட்டி என்று அளக்கிறோம். அதோடு விடாமல், அதை ஒரு நாள் முழுக்க ஆல்கஹாலில் ஊறப்போட்டு மறுபடி ஏன் அளக்க வேண்டும்? எங்கள் துறைத்தலைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதில் பின்னியிருந்த நைலான் நாடாவைக் காட்டினார். நீளவாக்கில் மட்டும் நாடாவை இழுத்துக் கட்டியிருந்தாலும் தட்டிப் பார்த்தால் விறைப்பாகத்தான் இருக்கும். ஆள் உட்கார்ந்தால் நாடா விலகும், ஆள் தரைக்கு வருவார். குறுக்கேயும் பின்னியிருந்தால்தான் தாங்கும். பசைக்குள்ளும் அப்படித்தான். குறுக்குப் பிணைப்பு இல்லாத பசையும் லைட் பட்டதும் கெட்டியாகத்தான் தெரியும். ஆல்கஹால் உள்ளே புகுந்து இழைகளை விலக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். பிணைப்பு நன்றாக இருந்தால் கெட்டித்தன்மை கொஞ்சம்தான் இறங்கும், இல்லாவிட்டால் சரிந்துவிடும்.

என் முதல் தப்பு சிரிக்கக்கூடியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பசையில் பன்னிரண்டு சின்ன வில்லைகள் செய்தேன். அழியவே அழியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த மார்க்கரால் ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி ஆல்கஹாலில் போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் ஆல்கஹால் ஊதாவாக இருந்தது, வில்லைகள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. எது எந்தப் பசை என்று பெற்றவளான எனக்கே தெரியவில்லை. துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "கலர் நன்னாயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் ஊசியால் கீறி எண் போடுகிறோம்.

இது நல்ல தப்பு. அடுத்த நாள் காலையில் தானே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நான் சொல்ல வந்தது அப்படிக் காட்டிக்கொடுக்காத ஒரு தப்பு.

சித்தூரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். கை சுத்தம், நாக்குக் கொஞ்சம் காரம். அவரிடம் ஒன்பது வருடமாக உதவியாளராக இருந்தவள் செல்வி. பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண். டாக்டர் ஓட்டையில் பசையை வைத்து வடிவம் கொடுப்பார், செல்வி லைட்டைப் பிடிப்பாள். ஒரு கட்டத்தில் டாக்டர் புதிதாக ஒரு கம்பெனிப் பசைக்கு மாறினார். சில மாதங்களில் அடைத்த பற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. ஓரம் உடைந்து வந்தது, மேலே தேய்ந்து குழிந்து வந்தது. நோயாளிகள் வாசலிலேயே சத்தம் போட்டார்கள். பசை விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, தெலுங்கும் தமிழுமாக, "மா மெட்டீரியல்ல பிராப்ளமே லேது சார். லைட் புடிக்கிற அம்மாயி கை ஆடினா நாங்க இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டார்.

லைட் நேராக, அசையாமல், முழு நேரமும் பட வேண்டும். கை விலகினால் பசை அரைகுறையாகத்தான் இறுகும். ஆகவே அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு டாக்டர் ஒவ்வொரு தடவையும் செல்வியின் கையையே பார்க்கத் தொடங்கினார். ஆனாலும் எடுத்த எடுப்பில் அவளை வெளியே அனுப்பவில்லை, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. பசையில் ஒரு குழாயை எங்கள் லேபுக்கு அனுப்பி, "நீங்களே உங்க லைட்ல இறுக வெச்சிப் பாருங்க. உங்க கையிலயும் சரியா வரலன்னா பசை தப்பு. சரியா வந்தா என் கிளினிக்லதான் தப்பு" என்று எழுதியிருந்தார். கேள்வி அவ்வளவு தெளிவாக இருந்தது.

நான் வில்லைகள் செய்தேன். கூடவே, பல வருடமாக எங்களுக்குப் பழக்கமான நல்ல பசை ஒன்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க வில்லைகள் செய்தேன். முதல் அளவில் இரண்டும் ஒரே மாதிரி கெட்டியாக இருந்தன. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆல்கஹாலில் போட்டேன்.

மறுநாள் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. திருப்பதியில் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் உங்களுக்கே தெரியும். மலையடிவாரத்தில் அலிபிரிப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸை எல்லாம் சுற்றி விட்டுவிடுவார்கள், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மணி ரயிலைப் பிடித்தால் புத்தூர் வீட்டுக்குச் சுருக்கப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது கரண்டு போனது. ஜெனரேட்டர் லைன் எங்கள் அறைக்கு அப்போது கிடையாது. அளக்கிற மெஷின் செத்துக் கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, வில்லைகளை ஆல்கஹாலிலிருந்து எடுத்தேன். ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான், அதில் ஒரு நிமிஷம் கூடக்கூடாது, குறையக்கூடாது. அந்தச் சுத்தத்தில் எனக்குப் பெருமை அதிகம். எடுத்த நேரம் பன்னிரண்டு என்று மணிமணியாக எழுதினேன். வில்லைகளை ஒற்றி எடுத்து, ஃபில்டர் பேப்பரில் வரிசையாக அடுக்கி, மேலே தூசி விழாமல் கவிழ்த்து மூடினேன். ஊறினது ஊறினதுதானே, திங்கட்கிழமை அளந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை அளந்தேன். டாக்டருடைய பசை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. நல்ல பசை இறங்கவே இல்லை. அந்தப் பசை எவ்வளவு நல்லதானாலும் ஒரு சொட்டாவது இறங்கும், நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது இறங்கவில்லை என்பதைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ, வேலை எவ்வளவு சுத்தம் பார் என்று சந்தோஷப்பட்டேன். பசையில் குறை இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துறைத்தலைவர் தன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை நானே அறிக்கையை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனேன். கிளினிக் லைட்டின் வெளிச்சம் போதுமா என்று அளந்து பார்க்கவும் டாக்டர் கேட்டிருந்தார். அளந்தேன், நல்ல வெளிச்சம். பிறகு, ஒரு பெரிய மனுஷி மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "லைட்டும் சரியா இருக்கு டாக்டர், பசையும் சரியா இருக்கு" என்றேன்.

டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். செல்வி கையில் ட்ரேயோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அப்ப மிச்சம் ஒண்ணுதான் கீது" என்றார் டாக்டர், அவளைப் பார்க்காமலே. "அந்தே, அவ்ளோதான். செல்வி, இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்கோம்மா. நான் கோபத்துல சொல்லல. வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

அவள் ட்ரேயை வைத்துவிட்டு, என் மீட்டர் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தாள். நான் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? எங்க நைனாவுக்கு இந்தப் பசையதான் வெச்சோம். நான்தான் லைட் புடிச்சேன். சொந்த நைனா மேடம், ரெண்டு தபா எண்ணிப் புடிச்சேன். மூணே மாசத்துல பேந்துக்கினு வந்துச்சி. அதே வாரம், அதே குழாய்ல, எம் பொண்ணுக்கும் போட்டோம். அவளுது இன்னும் அப்படியே கீது. ஒரே கைதானே?"

"உங்க நைனா கெட்டியானதா எதையாவது கடிச்சிருப்பாரும்மா" என்றேன்.

"அவரு இன்னா துன்றாரு? ரெண்டு இட்லி துன்னா பெருசு. சாயங்காலம் ஆனா குடிப்பாரு, அதான் வேல. நான் பாத்துக்கினுதான் இருக்கேன் மேடம். திரும்பி வர்றவங்கள்ல பாதிப்பேரு குடிக்கிறவங்க. டாக்டர்கிட்ட சொன்னா, பல்லுக்கும் குடிக்கும் இன்னா சம்மந்தம்னு திட்றாரு."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு நான் ஏறிவிட்டேன்.

திருப்பதி பஸ்ஸில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற கூட்டம். நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். குடிக்கிறவர்கள் வாயில் பசை போகிறது. குடி என்றால் ஆல்கஹால். நான் அதே பசையை ஒரு நாள் முழுக்க ஆல்கஹாலில் போட்டிருக்கிறேன், குறை இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒன்று அவள் பொய் சொல்ல வேண்டும், இல்லை என் வில்லைகள் பொய் சொல்ல வேண்டும். சொந்த அப்பாவின் பல்லைப் பற்றி அவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்? அப்போதுதான் ஃபில்டர் பேப்பரில் வரிசையாக அடுக்கிய வில்லைகள் கண் முன்னால் வந்தன. மழைக்காலத்தில் நமுத்துப்போன அப்பளத்தை வெயிலில் வைத்தால் மறுபடி விறைத்துக்கொள்கிறது இல்லையா? உள்ளே புகுந்த ஆல்கஹால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை காலைவரை மெல்ல மெல்ல ஆவியாகிப் போயிருக்கிறது. நான் ஊறிய வில்லையை அளக்கவில்லை, காய்ந்த வில்லையை அளந்திருக்கிறேன். நல்ல பசை ஏன் இறங்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த பஸ்ஸில் எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது.

வியாழக்கிழமை காலையில் துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். போட்ட நேரம், எடுத்த நேரம், இரண்டும் முத்து முத்தாக இருந்தன.

"எப்போ அளந்தேன்னு எங்கேம்மா இருக்கு?" என்றார்.

"எங்கேயும் இல்ல சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுபடி செய்யச் சொன்னார். "செஞ்சு, புது அளவு கைக்கு வந்தப்புறம் டாக்டருக்குச் சொல்லலாம். இப்பவே போன் பண்ணி என்ன சொல்லுவே? தப்புன்னா? தப்பான்னே நமக்கு இன்னும் தெரியாதே."

அவர் சொன்னதில் தவறில்லை. புது வில்லை செய்து, முழுதாக இறுகட்டும் என்று ஒரு நாள் இருட்டில் வைத்து, முதல் அளவு எடுத்து, இன்னொரு நாள் ஊறப்போட்டு, அளந்து முடிக்கச் சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிடும். சனிக்கிழமை செல்விக்குக் கடைசி நாள். என் சோதனை ஏதாவது ஒரு காரணத்தால் அரை நாள் தள்ளிப்போனாலும் அவள் படியிறங்கிப் போயிருப்பாள். கை ஆடுகிறவள் என்று பேரெடுத்தவளைச் சித்தூரில் வேறு எந்தக் கிளினிக்கில் சேர்ப்பார்கள்? அதற்குப் பிறகு நான் எத்தனை திருத்தம் அனுப்பினாலும் அது வெறும் காகிதம்தான்.

"சார், அளவு தெரியாது. ஆனா என் அறிக்கையை நம்ப முடியாதுங்கறது தெரியும். அதை மட்டும் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். பிறகு தன் மேஜை போனை என் பக்கம் தள்ளினார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் புது அளவு இருக்கும்போது தப்பை ஒத்துக்கொள்வது சுலபம், பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்துவிடலாம். வெறுங்கையோடு போய், நான் கொடுத்ததை நம்பாதீர்கள், பதிலுக்குக் கொடுக்க இப்போது என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் கஷ்டம்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பொறுமை போய்விட்டது. "இன்னா மேடம் இது, நேத்து சரின்னீங்க. இப்ப தப்புன்றீங்களா?"

"தப்புன்னு சொல்லல டாக்டர். சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. அதை வெச்சி எதுவும் செஞ்சிடாதீங்கன்னு சொல்றேன்."

"மறுபடி செஞ்சாலும் அதே பதில் வரலாம் இல்ல?"

"வரலாம்."

"சரே. சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் மூடற வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால ஆவாது" என்று வைத்துவிட்டார்.

அன்றே புது வில்லைகள் செய்தேன். சனிக்கிழமை, அதே புரட்டாசிக் கூட்டம், அதே பன்னிரண்டு மணி. காலையிலிருந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நிற்குமோ என்று. நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் பதினோரு மணிக்கே கிளம்பிவிடுகிற துறைத்தலைவர் அன்றைக்கு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், கையில் ஸ்டாப்வாட்ச். இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கவில்லை. ஒரு வில்லையை எடுப்பேன், ஒற்றுவேன், உடனே ஊசியின் கீழே வைப்பேன். அது முடிகிற வரைக்கும் மற்றவை ஆல்கஹாலுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் இன்றைக்கு இயல்பாகச் செய்கிற அந்த முறை எங்கள் லேபில் அன்றைக்குத்தான் பிறந்தது. "எடுத்தது... அளந்தது..." என்று அவர் ஒவ்வொன்றுக்கும் நேரம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

நல்ல பசை எப்போதும்போலக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது, மெஷினும் முறையும் சரி என்று அர்த்தம். அடுத்து டாக்டருடைய பசை. முதல் வில்லையில் ஊசி பதித்த தழும்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கண்ணாடி வழியாகப் பார்க்கிற இடத்தையே கிட்டத்தட்ட நிறைத்துக்கொண்டு கிடந்தது. வெண்ணெயில் பதித்த மாதிரி. எல்லா வில்லைகளும் அப்படியே. கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே போயிருந்தது. எங்கள் லைட்டில், முழு நேரமும் அசையாமல் தாங்கியில் மாட்டி இறுக வைத்த வில்லைகள் அவை. அங்கே ஆட எந்தக் கையும் இல்லை. குறை பசையில்தான்.

துறைத்தலைவர் ஸ்டாப்வாட்ச்சை மேஜையில் வைத்தார். "போன் பண்ணும்மா, அந்தப் பொண்ணு கிளம்பிடப்போறா" என்றார்.

டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் மூடாமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "செல்வி, திங்கக்கெழம காலையில ஒம்போதுக்கு ஆள் வராங்க. சீக்கிரம் வந்துரு." அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அவ்வளவுதான். பசையைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய பசைக்கே மாறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை திருத்திய அறிக்கையோடு சித்தூருக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் அறிக்கையை அவள் எதிரில்தான் நீட்டினேன், இதையும் அவள் எதிரில்தான் நீட்ட வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் உள்ளே வேலையாக இருந்தார். செல்வி அறிக்கையை வாங்கிக்கொண்டாள். படிக்கவில்லை. நன்றி சொல்வாள், இல்லை நாலு வார்த்தை திட்டுவாள் என்று இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன்.

"அப்ப என் கை ஆடல, இல்ல மேடம்?" என்றாள்.

"ஆடலம்மா. தப்பு என்னோடது."

"இல்ல மேடம், நெஜமாவே கேக்கறேன். நீங்க வந்து சொல்லிட்டுப் போன அன்னிலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. வூட்ல டார்ச்ச எடுத்து, செவுத்துல புள்ளி வெச்சி, அது மேல புடிச்சி இருபது எண்ணுவேன். வெளிச்சம் ஆடுதான்னு பாருடின்னு எம் பொண்ண பக்கத்துல ஒக்கார வெப்பேன். அவ ஆடலம்மான்னுதான் சொன்னா. கொழந்த, எனக்காவ சொல்றாளோன்னு நெனச்சேன்."

ஒன்பது வருடமாக ஆயிரக்கணக்கான வாய்களுக்குள் அசையாமல் நின்ற கை அது. அதை அவளே நம்பாதபடிக்கு என் ஒரு காகிதம் செய்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆடவில்லை என்று இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து என் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானபோது திருப்பதியில் இத்தனை டாக்டர்கள் இருக்க நான் சித்தூருக்கே போனேன். செல்விதான் லைட் பிடித்தாள். நேரம் முடிந்தால் லைட் தானாகவே பீப் என்று சத்தம் போடும், இருந்தாலும் அவள் உதடு அசையாமல் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பல்லில்தான் இன்றைக்கும் முறுக்குக் கடிக்கிறேன்.

சித்தூரிலிருந்து திரும்பிய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் பதிவேட்டில் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டேன். அதனால் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது தாராளமாக முணுமுணுங்கள், என்னைத் திட்டவும் செய்யுங்கள், காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கட்டம் இல்லாமல் நான் அறிக்கை எழுதிய வாரத்தில், ஒருத்தி சுவரில் புள்ளி வைத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கையையே நம்பாமல் இருபது எண்ணிக்கொண்டிருந்தாள்.